லாடம் கட்டுவோருக்கு உரிமம் வேண்டுமா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பிளவக்கல் அணைகளின் நீரையும் கண்மாய் நீரையும் கொண்டு நெல்லும் தென்னையும் விளையும் வத்திராயிருப்பு வட்டாரத்தில், மாட்டின் காலுக்கு இருவகைச் சோதனை உண்டு. தொளி கலக்கும் காலத்தில் நாள் முழுவதும் சேற்றில் நின்று குளம்பு ஊறி மென்மையாகிவிடும். நடவு முடிந்து அதே மாட்டைப் பாரவண்டியில் பூட்டித் தார்ச் சாலையிலும் மலையடிவாரத்துச் சரளையிலும் ஓட்டும்போது, ஊறிய குளம்பு விரைந்து தேய்ந்துவிடும். குளம்பு வளரும் வேகத்தைவிடத் தேயும் வேகம் மிகுதியாகும் இடத்தில்தான் லாடம் தேவையாகிறது. இக்காரணம் பற்றியே நம் முன்னோர் வண்டிமாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் கட்டி வந்தனர்.

இன்று உழவின் பெரும்பகுதியை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் குதிரை வண்டிகள் நின்ற இடங்களில் மோட்டார் வண்டிகள் நிற்கின்றன. ஆயினும் வண்டிமாடுகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பந்தயச் சாலையில் ஓடும் காளைகளும் உள்ளன. இவற்றிற்கும் மேலாக, புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பால் வழங்கும் இச்சுற்று வட்டாரத்தில், வீடுதோறும் கறவை மாடுகள் கட்டுத்தறியில் நிற்கின்றன. நடவாது நிற்கும் மாட்டுக்கு நேர்வது நேர்மாறான தொல்லை. அதன் குளம்பு தேயாமல் நீண்டு வளைந்து, நடையைக் கெடுக்கிறது. ஆகவே குளம்பைச் செதுக்கவும் லாடம் கட்டவும் அறிந்த கைகளின் தேவை குறைந்துவிட்டதாக எண்ணுவது பிழையாகும். தேவை இடம் மாறியிருக்கிறது. கைகள்தாம் குறைந்து வருகின்றன.

இந்நிலையில் ஒரு கேள்வி எழுகின்றது. மாட்டின் குளம்பிலோ குதிரையின் குளம்பிலோ கத்தி வைப்பதற்கு யாருக்கு உரிமை உண்டு? விரும்பியவர் எவரும் செய்யலாமா, பயிற்சி பெற்று உரிமம் பெற்றவர்தாம் செய்யவேண்டுமா, அன்றிக் கால்நடை மருத்துவர் மட்டுமே செய்யத்தக்க வேலையா? இதற்கு விடை காணச் சட்டப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் குளம்பைத் திருப்பிப் பார்க்கவேண்டும்.

குளம்பின் அமைப்பு

குளம்பு நம் விரல் நகத்தைப் போன்ற பொருளால் ஆனது. வெளியே தெரியும் கடினமான பகுதிக்குக் குளம்புச் சுவர் என்று பெயர். அடியில் தரையை நோக்கியிருப்பது உள்ளங்கால் தகடு. இவ்விரண்டுக்கும் நரம்பு இல்லை, இரத்த ஓட்டம் இல்லை, வெட்டினாலும் வலியில்லை. ஆனால் இந்தக் கொம்புப் பெட்டிக்குள் நரம்பும் இரத்தக் குழாய்களும் செறிந்த உயிர்த்தசை இருக்கிறது. அதற்கும் உள்ளே எலும்பு இருக்கிறது. மிருகத்தின் முழுப் பாரத்தையும் தாங்குவது இவ்வெலும்பேயாம். எலும்பைக் குளம்புச் சுவரோடு பிணைத்துத் தொங்க வைத்திருப்பது இடையிலுள்ள உயிர்த்தசை.

குளம்பின் அடிப்பக்கத்தைக் கழுவிச் சிறிது செதுக்கிப் பார்த்தால், சுவரும் உள்ளங்கால் தகடும் சேரும் இடத்தில் வெளிர்நிறமான மெல்லிய வரை ஒன்று தெரியும். இதனை வெள்ளைக் கோடு என்பர். லாடத் தொழில் முழுவதும் இக்கோட்டைச் சார்ந்தே நிற்கிறது. ஆணி இக்கோட்டுக்கு வெளிப்புறமாகப் புகுந்து, சுவரின் கனத்துக்குள்ளேயே ஏறி, பக்கவாட்டில் வெளிவருமாயின் மிருகம் காதைக்கூட அசைக்காது. கோட்டுக்கு உட்புறமாகப் புகுந்தால் அது உயிர்த்தசையைக் குத்தும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு நெல்மணியின் கனத்துக்கு மேல் இராது.

குதிரைக்கு ஒரே குளம்பு; அதன் அடியில் பின்புறத்தில் ஆப்பு வடிவமான மெத்தை போன்ற பகுதி ஒன்று உண்டு. அது தரையில் ஊன்றும்போது அதிர்ச்சியைத் தாங்குகிறது. மாட்டுக்குக் குளம்பு பிளவுபட்டது. ஆதலின் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு தகடுகள் வேண்டும். குதிரைக் குளம்பு மாதத்திற்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் வரையிலும், மாட்டுக் குளம்பு ஏறக்குறைய 5 மில்லிமீட்டரும் வளரும். குதிரையின் குளம்பு நுனி முழுவதும் புதிதாக வளர்ந்து இறங்க 9 முதல் 12 மாதங்கள் ஆகும். அறியாத கை ஒரு நாழிகையில் செய்த கேட்டை மிருகம் ஓர் ஆண்டு சுமக்க நேரும் என்பது இதன் பொருள்.

நல்ல லாடமும் தீய லாடமும்

வண்டிமாட்டை வைத்திருப்போர் லாடம் கட்டும் காட்சியைப் பலமுறை கண்டிருப்பர். ஆயினும் எதைக் கவனிக்கவேண்டும் என்பதை அறிந்தவர் சிலரே. எனவே வேலையைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

மாட்டைச் சாய்ப்பதிலேயே லாடக்காரரின் தகுதி வெளிப்பட்டுவிடும். தேர்ந்தவர் தார்ச் சாலையிலோ கல் பாவிய களத்திலோ மாட்டைத் தள்ளமாட்டார். மணற்பாங்கான இடம் தேடுவார். கயிற்றைக் கட்டி இழுக்கும்போது ஒருவர் தலையைப் பிடித்துக் கொம்பு தரையில் மோதாதபடி காப்பார். வேலை விடியற்காலையில், தீனி வைப்பதற்கு முன்பே நடைபெறும். வயிறு நிறைந்த மாட்டைப் பக்கவாட்டில் நெடுநேரம் கிடத்தினால் வயிற்றில் காற்றுத் தங்கி உப்புசம் காணும், மூச்சுத் திணறும். சினைமாட்டைச் சாய்த்தல் அறவே கூடாது. மாட்டைச் சாய்த்துக் காலைக் கட்டிப் போட்டுவிட்டு, அதன்பின் லாடத்தையும் ஆணியையும் தேடத் தொடங்குபவரிடம் மறுமுறை மாட்டை ஒப்படைக்க வேண்டா.

அடுத்தது செதுக்குதல். பழைய லாடத்தின் ஆணி மடிப்புகளை நிமிர்த்திய பின்னரே லாடத்தைக் கழற்றவேண்டும். அப்படியே பிடித்து நெம்பினால் சுவர் பிய்ந்து வரும். பின்னர் மிகுதியாக வளர்ந்த பகுதியை மட்டும் நீக்கி, இருபுறமும் சமமாக ஊன்றும்படி அரத்தால் சீர்செய்யவேண்டும். உள்ளங்கால் தகட்டை அழுத்திப் பார்க்கும்போது கட்டைவிரலுக்கு அது நெகிழ்ந்து கொடுக்கத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது என்பதறிக. குதிரையின் மெத்தைப் பகுதியை அழகுக்காகச் சீவித் தள்ளும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதனால் காலுக்குக் கேடேயன்றிப் பயனில்லை.

லாடத்தைப் பொருத்துவதில் ஒரே விதிதான் உண்டு. குளம்புக்கு ஏற்ப லாடம் அமையவேண்டும். லாடத்துக்கு ஏற்பக் குளம்பைக் குறைக்கலாகாது. சந்தையில் விற்கும் தகடு சிறிதாக இருக்கும். குளம்பு பெரிதாக இருக்கும். சோம்பற்கை என்ன செய்யுமென்றால், தகட்டை வைத்து ஆணி அடித்துவிட்டு, வெளியே நீண்டிருக்கும் குளம்பின் முன்விளிம்பை அரத்தால் தேய்த்துச் சமன்படுத்திவிடும். பார்வைக்கு வேலை மிக நேர்த்தியாகத் தோன்றும். மாட்டின் சொந்தக்காரரும் மகிழ்ந்து கூலி கொடுத்து அனுப்புவார். ஆணி பிடிக்கவேண்டிய சுவரின் கனம் தேய்ந்துபோனமையால் சுவர் வெடிக்கும்; அடுத்த முறை அடிக்கும் ஆணி உள்ளே போகும்.

ஆணியைப் பற்றி முன்னரே கூறினோம். மாட்டுக் குளம்பில் இரு பிளவுகளும் ஒன்றையொன்று நோக்கும் உட்சுவர் மெல்லியது. அதில் ஆணி அடிப்பதில்லை. வெளிச்சுவரில் மட்டுமே அடிக்கப்படும். ஆணி உயிர்த்தசையைக் குத்தினால் மிருகம் அப்போதே காலை உதறும். ஆணியைப் பிடுங்கினால் இரத்தம் தெரியும். இதைவிடக் கொடியது மறைந்து நிற்கும் ஆணி. அது தசையைக் குத்தாமல் அதை ஒட்டி நின்று அழுத்தும். அன்று ஒன்றும் தெரியாது. இரண்டொரு நாளில் மாடு கெந்தத் தொடங்கும், குளம்பு சுடும். கவனியாது விட்டால் உள்ளே சீழ் கட்டும். அடைபட்ட கொம்புப் பெட்டிக்குள் சீழ் விரிவதற்கு இடமில்லை. ஆகவே அவ்வலி மிகக் கொடியது. குதிரைக்கு இத்தகைய குத்துக் காயத்தால் டெட்டனஸ் என்னும் விறைப்பு நோய் வரும் அபாயமும் உண்டு; குதிரையினம் அந்நோய்க்கு எளிதில் இரையாவது. அதனாலேயே குதிரைக்கு முன்கூட்டியே டெட்டனஸ் தடுப்பூசி போட்டு வைப்பர்.

பாண்டிய நாட்டில் லாடக்காரர் இல்லாத காலம்

லாடக்காரர் யார் என்பது சிறு விஷயமாகத் தோன்றலாம். இதே பாண்டிய நாட்டில் ஒரு காலத்தில் அது பெருஞ்செல்வத்தின் கதியை நிர்ணயித்த விஷயமாக இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதை எழுதி வைத்திருக்கிறார். அரேபியாவிலிருந்தும் பாரசீகக் கடற்கரையிலிருந்தும் அக்குதிரைகள் கப்பலேறிக் காயல் துறைமுகத்தில் வந்து இறங்கின. வந்த குதிரைகளில் ஆண்டு முடிவில் உயிரோடு எஞ்சியவை சிலவே என்றும் அவர் கூறுகிறார்.

அதற்கு அவர் காட்டும் காரணங்களே நாம் கருதத்தக்கவை. இந்நாட்டில் குதிரையைப் பேணத் தெரிந்தவர் இல்லை. வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் அதற்குத் தீனியாக இட்டனர். காலையும் நோயையும் பார்க்கவல்ல லாடக்காரர் எவரும் இல்லை. குதிரை வணிகர்கள் தம்முடன் லாடக்காரரை அழைத்து வராததோடு, வேறு எவரும் இங்கு வராதபடியும் தடுத்துவிட்டனர் என்கிறார் அவர். குதிரைகள் மடிந்தால்தான் மறுஆண்டும் விற்பனை நடக்கும் அன்றோ? பயணியின் எழுத்தில் மிகைப்பட்ட கூற்றுகள் இருக்கலாம். ஆயினும் தொழிலறிவை ஒரு கூட்டத்தார் தம் ஆதாயத்துக்காக அடைத்து வைத்தால் யாருடைய செல்வம் அழியும் என்பதை இது நன்கு காட்டுகிறது.

ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1356இல், லண்டன் மாநகரத் தலைவர் அந்நகரின் லாடக்காரர்களை அழைத்துக் கூட்டினார். அங்கே முறையீடு வேறுவிதமானது. வேலை தெரியாதவர்கள் உலை வைத்துக்கொண்டு, அறியாத காரியத்தில் கையிட்டுக் குதிரைகளைக் கெடுக்கிறார்கள் என்பதே அது. அதன் விளைவாக அமைந்த தொழிற்கூட்டம் இன்றும் அந்நகரில் இருக்கிறது. ஓரிடத்தில் கைகள் இல்லாத கேடு. மற்றோரிடத்தில் தேராத கைகளால் வந்த கேடு. உரிமம் பற்றிப் பேசுவோர் இவ்விரண்டையும் நினைவிற்கொள்ளவேண்டும். ஒன்றை மட்டும் நினைந்து மற்றொன்றை மறந்தால், நோயைவிட மருந்து கொடிதாக முடியும்.

சட்டம் என்ன கூறுகிறது?

நம் நாட்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. மாநிலங்களவையில் இதற்காக முதலில் குரல் எழுப்பியவர் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் ஆவார். அச்சட்டத்தில், மத்திய அரசு விதிகள் செய்யத்தக்க பொருள்களை அடுக்கிக் கூறும் பிரிவில், வண்டிமாட்டின் பாரம், வேலை நேரம், சேணம் ஆகியவற்றோடு, லாடம் கட்டுவதைத் தொழிலாகக் கொண்டோர் உரிமம் பெற்றுப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என விதிக்கலாம் என்பதும் சேர்ந்திருக்கிறது. அதன்படி 1965இல் லாடக்காரர் உரிம விதிகள் வெளிவந்தன. அதே ஆண்டில் வெளிவந்த வண்டிமாடு, பொதிமாடு பற்றிய விதிகளைக் குடியானவர்கள் ஓரளவு அறிவர். நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, வெப்பம் 37 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்களில் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டலாகாது என்பவை அவற்றில் உள்ளவை. லாடக்காரர் பற்றிய விதியோ ஊர்களில் பேசப்படுவதே அரிது.

அச்சட்டத்தின்படி, நோயாலோ காயத்தாலோ வேலைக்குத் தகுதியற்ற மிருகத்தை வேலை வாங்குவதும் குற்றமாகும். நொண்டும் மாட்டை வண்டியில் பூட்டியவர் லாடக்காரர் மீது பழியைச் சுமத்தித் தப்பிவிட முடியாது. முதற் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை என்று 1960இல் எழுதியதே இன்றும் நிற்கிறது. அன்று பத்து ரூபாய்க்கு இருந்த அச்சம் இன்று இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது ஒரு சட்டமும் உண்டு. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் அல்லாதார் கால்நடை மருத்துவம் செய்யலாகாது. தடுப்பூசி போடுதல், காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் முதலிய சிறு பணிகளை, உரிய சான்றிதழ் பெற்ற உதவியாளர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். குளம்பைச் செதுக்குவதும் லாடம் கட்டுவதும் அவ்விளக்கத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை.

இச்சட்டங்களைச் சேர்த்துப் படித்தால் மூன்று வேலைகள் தெளிவாகப் பிரிகின்றன. தன் மாட்டின் வளர்ந்த குளம்பைத் தானே செதுக்கிக்கொள்வது மாட்டுக்காரரின் பராமரிப்பு வேலை. லாடம் கட்டுவதைத் தொழிலாகச் செய்வது உரிமத்துக்கு உட்படத்தக்க வேலை. குளம்புக்குள் சீழைத் திறப்பது, உயிர்த்தசையில் கத்தி வைப்பது, மரத்துப்போகும் ஊசி போடுவது ஆகியவை மருத்துவ வேலை. இப்பிரிவுக்குக் குளம்பிலேயே எல்லை வரையப்பட்டிருக்கிறது. நாம் முன்பு கண்ட வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உள்ள உயிரற்ற கொம்பு கைவினைஞருக்கு உரியது. உள்ளே உள்ள உயிர்த்தசை மருத்துவருக்கு உரியது. இரத்தம் தெரிந்த இடத்தில் லாடக்காரரின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. படியாதவர்க்கும் புரியும் இவ்வெல்லையை எந்த விதியிலும் முதல் வரியாக எழுதி வைக்கலாம் என்பது எமது கருத்து.

இங்கிலாந்து நாட்டார் 1975இல் லாடக்காரர் பதிவுச் சட்டம் ஒன்று செய்தனர். தேர்ச்சியற்றவர் லாடம் கட்டுவதால் குதிரைகளுக்கு நேரும் துன்பத்தைத் தவிர்ப்பது அதன் நோக்கம் என்று முகப்பிலேயே கூறப்பட்டுள்ளது. பதிவு பெறாதவர் அங்கே குதிரைக்கு லாடம் கட்டினால் குற்றம். ஆனால் அச்சட்டத்தை ஆக்கியோர் மூன்று வாயில்களைத் திறந்து வைத்தனர். சட்டம் வருவதற்கு முன்பே அத்தொழிலில் இருந்தவர்களைப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டனர். தொழில் பயிலும் சீடர்களுக்கு விலக்களித்தனர். இக்கட்டான வேளையில் முதலுதவியாகச் செய்வதையும் விலக்கினர். மேலும், லாடமில்லாத குதிரையின் குளம்பை வெறுமனே செதுக்குவதற்கு அச்சட்டம் தடை விதிக்கவில்லை. லாடத்தைப் பொருத்துவதற்காகக் குளம்பைத் தயார் செய்வதே அதன் வரம்புக்குள் வருகிறது. செதுக்குவதையும் சேர்த்திருக்கவேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. தவறாகச் செதுக்கிய குளம்பும் மிருகத்தை முடமாக்கும் என்பதால் அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் நம் நிலைமைக்கு அது பொருந்தாது. ஒன்றிரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் ஏழை, அதன் குளம்பைச் செதுக்கவும் உரிமம் பெற்றவரைத் தேடி அலையவேண்டும் என்றால், செதுக்காமலே விட்டுவிடுவார்.

குதிரை மிகுந்த இடங்களில் நிலைமை சற்று வேறு. உதகையிலும் கொடைக்கானலிலும் சவாரிக் குதிரைகள் உள்ளன. சாலை எட்டாத மலையூர்களுக்குப் பொதி சுமக்கும் குதிரைகளும் உள்ளன. கல்லிலும் தாரிலும் நடக்கும் இக்குதிரைகளுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் செதுக்கி மீண்டும் கட்டவேண்டும். லாடம் தேயவில்லையே என்று விட்டுவைத்தால், குளம்பு வளர்ந்து லாடம் இடம் மாறிக் காலை அழுத்தும். அத்தகைய ஊர்களில் உரிம விதியை முதலில் நடைமுறைப்படுத்துவது தகும்.

கறவை மாட்டின் குளம்பு

வத்திராயிருப்புப் பக்கத்துக் குடியானவருக்கு அன்றாடம் பயன்படுவது இப்பகுதியே. சிமெண்டுத் தரையில், சாணமும் மூத்திரமும் கலந்த ஈரத்தில், நாளெல்லாம் நிற்கும் கலப்பினப் பசுவுக்குக் குளம்பு நீள்வதோடு அழுகலும் வரும். பெரும்பாலும் கெடுவது பின்னங்காலின் வெளிக் குளம்பே. மடியின் பருமனால் பின்னங்கால்கள் விலகி, பாரம் அதன் மீதே விழுகிறது. கால் நோகும் பசு தீனிக்கு எழுந்து வாராது, பாலைக் குறைக்கும், சினைப்பருவத்தையும் வெளிக்காட்டாது. பால் குறைந்ததற்குத் தீவனத்தைக் குறைகூறும் பலர் குளம்பைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

தீவனத்திலும் குற்றம் உண்டு. விருந்து முடிந்து மீந்த சோற்றையும் கஞ்சியையும் அண்டா அண்டாவாகப் பசுவுக்கு ஊற்றுவது தருமம் என்று கருதப்படுகிறது. வயிற்றில் புளிப்பு மிகுந்து, அதன் விளைவாகக் குளம்பின் உயிர்த்தசை வீங்கும். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் பாண்டியர் குதிரைக்குச் சோறு ஊட்டியதைப் படித்து நகைப்போர் இதனையும் எண்ணிப் பார்ப்பாராக.

ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ குளம்பைச் செதுக்குவது போதும். பெரிய கலப்பினப் பசுவின் குளம்பில், மேலே மயிர் முடியும் இடத்திலிருந்து நுனி வரை ஏறக்குறைய 7.5 சென்டிமீட்டர் விட்டுச் செதுக்கலாம். நாட்டு மாட்டின் குளம்பு சிறியது, அதற்கு இவ்வளவு பொருந்தாது. அழுகல் காணும் தொழுவத்தில், 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ மயில்துத்தம் கரைத்து ஆழமற்ற தொட்டியில் விட்டு, கழுவிய கால்களோடு மாடுகளை அதில் நடத்தலாம். பயன்படுத்திய துத்த நீரைக் கண்மாயிலோ மீன் வளர்க்கும் குட்டையிலோ கொட்டலாகாது. அது மீனுக்கு நஞ்சு.

ஊர் ஊராகச் செல்லும் லாடக்காரரிடமும் குளம்பு செதுக்குபவரிடமும் மற்றோர் ஆபத்து உண்டு. கோமாரி நோயின் கொப்புளம் வாயில் மட்டுமன்றிக் குளம்புப் பிளவிலும் வரும். அக்காலைத் தொட்ட கத்தியும் கயிறும் அடுத்த தொழுவத்துக்கு நோயைக் கொண்டு செல்லும். ஆகவே ஒரு தொழுவத்து வேலை முடிந்ததும் கருவிகளைக் கழுவி, 4 சதவீதச் சலவைச் சோடாக் கரைசலில் ஊறவைத்த பின்பே அடுத்த தொழுவத்தில் நுழையவேண்டும். ஊரில் கோமாரி கண்டுவிட்டால் அந்நாட்களில் லாடம் கட்டும் வேலையை நிறுத்தி வைப்பதே முறை. உரிமம் என்று ஒன்று வருமாயின் இந்த ஒரு நிபந்தனைக்காகவே அதனை வரவேற்கலாம்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

உரிமம் வழங்கும் அதிகாரி யார் என்பதைக் கால்நடை பராமரிப்புத் துறையிடம் எழுத்து மூலம் கேட்டறிவது முதல் வேலை. பஞ்சாயத்து தானாகவே ஒரு கட்டணத்தை விதித்து ரசீது கொடுக்கத் தொடங்குவது பிழை. சந்தை நாளில் வந்து நாலு மாட்டுக்கு லாடம் கட்டிப் போகும் முதியவரை மடக்கி உரிமம் கேட்டால், அவர் மறுவாரம் வரமாட்டார்; காயல் துறைமுகத்துக் கதை நம் சந்தையிலேயே நடந்துவிடும். ஆதலின் பயிற்சியும் பதிவும் முன்னே வரவேண்டும். தடையும் தண்டனையும் பின்னே வரட்டும்.

சுற்று வட்டாரத்தில் இவ்வேலை தெரிந்தவர் யார் யார் என்பதை ஒன்றியத்தில் உள்ள பஞ்சாயத்துகள் சேர்ந்து ஒரு பட்டியலாக எழுதலாம். எண்ணிக்கை சிறிதாகவே இருக்கும். அதனைக் கண்ட பின்னரே நிலைமையின் கடுமை விளங்கும். ஒரு நாள் அவர்களைக் கால்நடை மருந்தகத்துக்கு அழைத்து, மருத்துவர் முன்னிலையில் வேலையைச் செய்துகாட்டச் செய்யலாம். நாற்பது ஆண்டு அனுபவமுள்ள லாடக்காரரிடம் மருத்துவர் கற்றுக்கொள்ளவும் சில உண்டு. ஆணியின் ஓசையைக் கேட்டே அது சுவரில் செல்கிறதா, உள்ளே செல்கிறதா என்று கூறும் காதுகள் அவர்களுடையவை. இளைஞர் இருவரை அவர்களிடம் சீடராக விட்டு, பயிற்சி நாட்களுக்கு உதவித் தொகைக்கு வழி செய்தால், தொழில் ஒரு தலைமுறை நீளும்.

மற்றொன்று, மாட்டைச் சாய்க்காமல் நிற்கவைத்தே குளம்பு பார்ப்பதற்குரிய சட்டம். மருந்தகங்களில் டிராவிஸ் என வழங்கும் இரும்புக் குழாய்ச் சட்டம் அது. நான்கு தூண், பக்கத்துக்கு இரண்டு குறுக்குக் குழாய், வயிற்றின் கீழ் தாங்க ஒரு பட்டை வார், காலைத் தூக்கிக் கட்ட ஒரு குறுக்குக் கட்டை, இவ்வளவே. ஊர்க் கொல்லரே செய்துவிடுவார். சந்தை நடக்கும் திடலின் ஓரத்தில், நிழலும் தண்ணீரும் உள்ள இடத்தில் இதனை நாட்டினால், சினைப்பசுவின் குளம்பையும் அச்சமின்றிச் செதுக்கலாம். கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்ற இது தகுந்த பொருள். சட்டத்தின் அருகிலேயே ஒரு பலகையில், இரத்தம் கண்டால் நிறுத்துக என்றும், கருவியைக் கழுவுக என்றும், கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்ற எண்ணை அழைக்க என்றும் எழுதி வைக்கலாம்.

உரிமத் தாள் கைக்கு வரும்வரை, மாட்டுக்காரர் தம் கண்ணையே நம்பியாகவேண்டும். லாடம் கட்டிய மூன்றாம் நாள் காலை, வண்டியில் பூட்டுவதற்கு முன் மாட்டைத் தளர்ந்த கயிற்றில் நடத்திப் பாருங்கள். நான்கு குளம்புகளையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுடுமாயின், சிறு சுத்தியலால் ஒவ்வோர் ஆணித் தலையிலும் மெல்லத் தட்டுக. குற்றமுள்ள ஆணியில் மாடு காலை இழுக்கும். லாடம் கட்டியவரையே திரும்ப அழைத்துக் காட்டுக. அவர் சினங்கொள்ளாமல் அந்த ஆணியைப் பிடுங்கி, நுனி ஈரமாகவோ கறுத்தோ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மேற்கொண்டு தாமே தோண்டாமல், மாட்டை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லுமாறு கூறுவாராயின், பஞ்சாயத்துப் பட்டியலில் முதற்பெயராக அவர் பெயரை எழுதலாம்.